சுபகிருது தந்த கணக்கு

ஓர் ஆண்டு முடிந்து மற்றோர் ஆண்டு பிறக்கும் வேளையில், போனதைப் பழிப்பதும் வருவதைப் போற்றுவதும் உலகத்தார் வழக்கம். "இந்த வருஷம் எங்களுக்குச் சரியில்லை, வாற வருஷமாவது பார்ப்பம்" என்னும் பேச்சு எழாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. குற்றத்தை வருஷத்தின் தலையிற் சுமத்திவிட்டால் மனத்துக்கு ஓர் ஆறுதல் உண்டாகின்றது. வருஷமோ வாய் திறந்து மறுமொழி கூறப்போவதில்லை.

எமது பஞ்சாங்கங்கள் ஒவ்வோர் இராசிக்கும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. சித்திரை பிறந்ததும் குடும்பத்தலைவர் அப்பக்கத்தைத் தேடிப் படிப்பதும், செலவு மிகுந்திருப்பின் பெருமூச்சு விடுவதும் நாம் காணும் காட்சிகள். ஆனால், ஆண்டு கழிந்தபின் அப்பக்கத்தை மீண்டும் எடுத்து, உண்மையில் வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பவர் எத்தனை பேர்? அத்தகைய கணக்கொன்றை ஈண்டுப் பார்க்க விழைகின்றோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் ஆண்டு, 2022ஆம் ஆண்டு சித்திரையிற் பிறந்த சுபகிருது.

பெயரும் பயனும்

அறுபது ஆண்டுப் பெயர்களுள் முப்பத்தாறாவது சுபகிருது. நன்மையைச் செய்வது என்பது அதன் பொருள். இதற்கு முன் அப்பெயர் 1962இல் வந்தது. இனி 2082இல் வரும். இத்துணை மங்கலமான பெயரோடு அவ்வாண்டு 2022 ஏப்பிரில் 14ஆம் நாள் பிறந்தது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், ஏப்பிரில் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. 1948இல் சுதந்திரம் பெற்ற நாள்தொட்டு இத்தகைய அறிவிப்பு அதுவே முதன்முறை. பலகாரம் சுட எண்ணெய் இல்லை. எண்ணெய் கிடைத்த வீட்டில் அடுப்பெரிக்க எரிவாயு இல்லை. நன்மை செய்யவந்த ஆண்டை வரவேற்க நாடு நின்ற கோலம் அது.

துன்பத்தின் வித்து அவ்வாண்டில் இடப்பட்டதன்று. 2019இன் இறுதியில் வரிகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. அடுத்து வந்த கொரோனாப் பெருந்தொற்று உல்லாசப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. கையிலிருந்த அந்நியச் செலாவணி கரைந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. முன்னைய ஆண்டுகளில் விதைத்ததைச் சுபகிருது அறுத்தது. ஆகவே, பழியை ஆண்டின்மீது போடுதல் பொருந்தாது.

எண்கள் கூறும் கதை

அவ்வாண்டின் துன்பத்தை இளைய தலைமுறையினர் அறிந்துகொள்ளச் சில எண்கள் போதும். 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. டீசல் 121 ரூபாவிலிருந்து 460 ரூபாவுக்கு ஏறியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. உணவுப் பொருள்களுக்கு அது 94.9 வீதம். அதாவது, முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு இவ்வாண்டில் ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபா. மாதச் சம்பளமோ நின்ற இடத்திலேயே நின்றது.

எரிபொருள் நிலையங்களின் முன் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. வரிசையில் நின்ற நிலையிலேயே உயிர்துறந்தோரும் நாட்டில் உளர். ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் ஒழிந்த ஏனையோர்க்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, ஜூலை 25ஆம் நாளே மீளத் திறந்தன. அதன் பின்னர் வாகனத்துக்கு ஒரு குறியீட்டு அட்டையும் வாரத்துக்கு ஓர் அளவும் வகுத்த பின்பே வரிசைகள் சுருங்கின.

செம்மண்ணும் மண்ணெண்ணெயும்

இவை நாடு முழுவதற்கும் பொதுவான கணக்கு. உரும்பிராய்க்கெனத் தனிக்கணக்கு ஒன்றுண்டு. யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே வருவோர், கோண்டாவிலைக் கடந்ததும் இருபுறமும் செம்மண் தோட்டங்களைக் காண்பர். மானிப்பாய் – கைதடி வீதி பலாலி வீதியைக் குறுக்கிடும் சந்தியைச் சூழ்ந்து கிடக்கின்றது எமது ஊர். வெங்காயம், புகையிலை, மரவள்ளி, மிளகாய், கத்தரி என்பன இம்மண்ணின் செல்வம். இக்குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் தரும் மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்தே எம்மவர் பயிர் செய்கின்றனர். ஆகவே இங்கே கமம் என்பதற்கு இறைப்பு என்பது மறுபெயர்.

முன்னாளில் துலாவின்மீது ஏறி மிதித்து, பட்டையால் நீர் மொண்டு, விடியுமுன் பாத்தி பாத்தியாக நீர்கட்டினர் எம் முன்னோர். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இறைப்பியந்திரம் வந்தது, துலா மறைந்தது. நாலு பேர் செய்த வேலையை ஒருவர் செய்யலாயினர். அந்த இயந்திரத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெய் சுபகிருது ஆண்டின் முதற்பாதியிற் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 22இல் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. விலை குறைவாக இருந்தபோது பொருள் இல்லை; பொருள் வந்தபோது வாங்கும் வலு இல்லை. கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, பாத்தியில் வெங்காயத்தாள் வாடிக் கிடந்ததைக் கண்ட கமக்காரரின் வேதனையை எண்களால் அளக்க இயலாது.

உரத்தின் கதையும் இத்தகையதே. இரசாயன உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டதனால் வலிகாமத்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர் நெடுங்காலமாகச் சுட்டிவந்தனர். சுண்ணக்கற் பாறை வெடிப்புகளினூடே நீர் விரைந்து இறங்குவதால், மேலே இட்டது கீழே குடிநீரிற் சேர்தல் இயல்பு. ஆகவே உரத்தைக் குறைத்தல் நல்ல நோக்கமே. ஆனால், மண்ணை ஆயத்தஞ் செய்யாது, மாற்றுப் பசளையைச் சேர்க்காது, ஒரே ஆணையால் நிறுத்தியமை நோயாளிக்கு மருந்தையும் உணவையும் ஒருங்கே நிறுத்தியது போலாயிற்று. 2021 நவம்பரில் தடை நீங்கியது; எனினும் அடுத்த பெரும்போக நெல் விளைச்சல் நாடெங்கும் வெகுவாகக் குறைந்தது. நல்ல காரியமும் நேரமறிந்து, முறையறிந்து செய்யப்படாவிடின் தீங்காகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பழகிய இருளும் புதிய இருளும்

இருளும் இல்லாமையும் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியன அல்ல. 1990இல் இக்குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், மின்கலம் ஆகியன கிடைத்தற்கரிய பொருள்களாயின. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் அடியிலிருந்து படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் இன்று உயர்பதவிகளில் உளர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் அக்காலத்து வித்தையே. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்ததை எமது ஊரவர் ஒருபோதும் மறவார்.

ஆதலால், 2022இல் மின்சாரம் நின்றபோது எம் வீடுகளிற் பதற்றம் குறைவாகவே இருந்தது எனலாம். பாட்டிமார் அரிக்கன் விளக்கைத் துடைத்து வைத்தனர். எரிவாயு இல்லாத அடுப்பங்கரைக்குக் காவோலையும் கொக்கரையும் பன்னாடையும் ஊமலும் திரும்பி வந்தன. கோதுமை மா விலையேறப் பாண் சிறுத்தது; ஒடியற்பிட்டும் மரவள்ளிக் கிழங்கும் பழைய இடத்தைப் பெற்றன. வளவின் மூலையிற் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் துருத் துடைக்கப்பட்டு வீதிக்கு வந்தன. ஆசிரியரும் மாணாக்கரும் அலுவலரும் ஒரே வீதியில் மிதித்துச் சென்றது கண்கொள்ளாக் காட்சி.

இங்ஙனம் கூறுவதால் வறுமையை நாம் புகழ்வதாகக் கொள்ளற்க. ஒரு வேளை உணவைக் குறைத்த தாயின் தியாகம் போற்றத்தக்கது. அத்தியாகத்தை வேண்டிநின்ற நிலைமை ஒருபோதும் போற்றத்தக்கதன்று. பழக்கப்பட்ட துன்பமும் துன்பமே.

மாணாக்கர் இழந்தது

எல்லாச் செலவினும் பெரிய செலவு கல்வியின் பக்கத்தில் எழுதப்படவேண்டியது. பெருந்தொற்றினால் இரண்டாண்டுகள் குலைந்த கல்வி தலையெடுக்குமுன் இந்நெருக்கடி வந்தது. 2022 மார்ச்சில், தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்தில் நடந்தது. 2022க்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது. பரீட்சை பிந்தப் பெறுபேறும் பிந்தியது. பல்கலைக்கழக அனுமதியும் பிந்தியது. இளமையில் ஓராண்டு என்பது முதுமையில் ஐந்தாண்டுக்கு நிகர் அன்றோ? இழந்த பணத்தை உழைத்துச் சேர்க்கலாம். பதினெட்டு வயதில் இழந்த ஆண்டை எந்தச் சந்தையில் வாங்குவது?

போனோர்

காத்திருக்க இயலாதோர் போயினர். 2022 மார்ச் 22ஆம் நாள், கைக்குழந்தை உள்ளிட்ட பதினாறு பேர் படகேறித் தனுஷ்கோடிக் கரையை அடைந்தனர். அவர்கள் போரினால் ஓடியவர் அல்லர். பசிக்கு அஞ்சிச் சென்றவர். அவ்வாண்டு நாட்டில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. நவம்பரில், வியட்நாமுக்கு அப்பாற் கடலில் தத்தளித்த கப்பலொன்றிலிருந்து 303 இலங்கையர் மீட்கப்பட்டனர். அவர்களுட் பலர் வடபகுதித் தமிழர். காணி விற்றும் நகை அடகுவைத்தும் கடன்பட்டும் முகவர்க்குக் கொடுத்த பணம் கடலோடு போயிற்று.

அவ்வாண்டு தம் வீட்டில் நிகழ்ந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவருமாறு எம் மாணாக்கரிடம் ஒருமுறை கூறியிருந்தோம். பலர் எரிபொருள் வரிசையையும் விறகடுப்பையும் பற்றி நகைச்சுவையோடு எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் ஒரே வரியில் நிறுத்தியிருந்தான். "அந்த வருஷம் எங்கட அண்ணா வெளிநாடு போனவர்." அவ்வளவே. அந்தத் தாளுக்குப் புள்ளி இட எமக்குக் கை எழவில்லை. நாட்டின் நட்டக்கணக்கைப் பொருளியல் அறிஞர் கோடிகளில் எழுதுவர். வீட்டின் நட்டக்கணக்கு அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது.

எதிர்பாராத வரவு

இதுவரை செலவையே எழுதினோம். வரவுப் பக்கம் வெறுமையாக இருந்ததோ எனின், அன்று. கொழும்பு காலிமுகத்திடலில் 2022 ஏப்பிரில் 9ஆம் நாள் தொடங்கிய மக்கள் போராட்டத்தை உலகம் அறியும். சனாதிபதி கோட்டாபய இராஜபக்ஷ ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்ததும் யாவரும் அறிந்ததே. ஆயினும், அத்திடலில் மே 18ஆம் நாள் நிகழ்ந்த ஒன்று, ஆட்சி மாற்றத்தினும் ஆழமானதென நாம் கருதுகின்றோம். அன்று முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்கு அங்கே விளக்கேற்றப்பட்டது; முள்ளிவாய்க்காற் கஞ்சி பகிரப்பட்டது. சிங்கள மக்களும் பௌத்த பிக்குகளும் அக்கஞ்சியைக் கையில் ஏந்தினர். 2009இன் துயரத்தைத் தலைநகரின் நடுவே பொதுவில் நினைவுகூர ஒரு பகற்பொழுதேனும் வாய்த்தது. வரிசையில் நிற்பதன் வருத்தத்தைத் தாமும் அறிந்தபின், நெடுங்காலம் வரிசையில் நின்றோரின் வருத்தத்தைச் சிலர் அறியத் தலைப்பட்டனர்.

கடலுக்கு அப்பாலிருந்தும் ஒரு வரவு உண்டு. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்து வகைகளும் அனுப்பத் தமிழ்நாடு அரசு முன்வந்தது. மே 18ஆம் நாள் சென்னையிலிருந்து முதற்கப்பல் புறப்பட்டது. அவ்வுதவி தமிழர்க்கு மட்டுமன்றி இலங்கை மக்கள் அனைவர்க்கும் பகிரப்படவேண்டும் என்பது ஈழத்தமிழர் தரப்பின் வேண்டுகோள்; அங்ஙனமே அது பகிரப்பட்டது. தம் இலையிற் சோறு குறைந்த வேளையிலும் அடுத்த இலையைப் பார்த்த அப்பண்பு, அவ்வாண்டுக் கணக்கில் பொன்னெழுத்தாற் பொறிக்கத்தக்க வரவாகும்.

கணக்குக் கேட்ட நீதிமன்றம்

ஆண்டுகள் உருண்டன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. 69.8 வீதமாக இருந்த பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 வீதமாகக் குறைந்தது. இதன் பொருள், விலைகள் இறங்கின என்பதன்று. ஏறிய விலைகள் ஏறிய இடத்தில் நின்றன என்பதே. மாணாக்கர் இவ்வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஏணியில் ஏறுவதை ஒருவன் நிறுத்தினால், அவன் தரைக்கு வந்துவிட்டான் என்று கூறுவோமோ?

2023 நவம்பர் 14ஆம் நாள், இப்பொருளாதார வீழ்ச்சிக்கு முன்னைய ஆட்சித்தலைவர்களும் உயரதிகாரிகளும் பொறுப்பாளிகள் என்றும், அவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரகங்களின்மீதும் ஆண்டின்மீதும் பழிபோடாது, மனிதரிடம் கணக்குக் கேட்ட தீர்ப்பு அது. 2024இல் நடந்த சனாதிபதித் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் மக்கள் மாற்றத்தை வேண்டியே வாக்களித்தனர். கணக்குக் கேட்கும் பழக்கம் குடிமக்களிடத்து வேரூன்றுமாயின், அதுவே பெரிய மாற்றம்.

நிற்க. ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்கும் நாம், எம் வீட்டுக் கணக்கையும் பார்த்தல் முறையன்றோ? எரிபொருள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வளவின் மூலைக்குச் சென்றன. உரப்பை கிடைத்ததும் பூவரசங்குழையை மறந்தோர் பலர். துன்பம் கற்பித்த பாடத்தை இன்பம் அழித்துவிடுதல் மனித இயல்பு. பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடும் மாணவனுக்கும் ஊராருக்கும் இவ்வகையில் வேறுபாடு அதிகமில்லை.

இனி நாம் செய்யத்தக்கவை

மாற்றம் வேண்டுமென்போர் அம்மாற்றத்தின் ஒரு சிறு பங்கையேனும் தம் வளவுக்குள் தொடங்குதல் வேண்டும். எமது முன்னோர் தோட்டத்திற் குழை தாழ்த்தனர். வெறுங்காணியில் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்தனர். வேலியிலே நின்ற பூவரசும் கிளிசிறியாவும் எல்லைக்கு எல்லையாகவும் பசளைக்குப் பசளையாகவும் பயன்பட்டன. இன்று கதியால் வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலிலிருந்து குழை வெட்ட இயலாது. முழு உரத்தையும் ஒரே நாளில் நிறுத்துமாறு நாம் கூறவில்லை. ஒரு பரப்பில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்போமாயின், கிணற்று நீரும் தூயதாகும்; அடுத்த தட்டுப்பாடு வரும்போது மண்ணும் எம்மைக் கைவிடாது. மழைநீர் வீதிக்கும் கடலுக்கும் ஓடிவிடாது வளவுக்குள் தங்கி நிலத்தில் இறங்க வழிசெய்தல் அடுத்த கடமை. வெயிலுக்குக் குறைவில்லாத எம் நாட்டில், சூரிய ஒளியால் இயங்கும் இறைப்பியந்திரத்தைப் பலர் கூடி வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலும் ஆகாத காரியமன்று. ஒரே கிணற்றிற் பலர்க்குப் பங்கிருக்கும் ஊரில், முறைவைத்தல் எம்மவர்க்குப் பழகிய நெறியே.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். வீட்டின் வரவு செலவைப் பிள்ளைகளிடத்து மறைக்கவேண்டா. சுபகிருது ஆண்டில் இருந்ததைப் பங்கிட்டு உண்டவாற்றை அவர்களே ஒரு கொப்பியில் எழுதட்டும். அரசர்களின் போர்களை நாம் பாடமாகப் படிப்பிக்கின்றோம். தாய்மார் அடுப்போடு நடத்திய போரையும் ஒருவர் எழுதிவைத்தல் வேண்டும். எழுதப்படாத துன்பம் இரண்டாம் முறையும் வரும்.

மாணாக்கர்க்கும் ஒரு சொல். அவ்வாண்டில் கீழ் வகுப்புகளில் இருந்தோர் பொதுப் பரீட்சைகளை எதிர்நோக்கும் பருவத்தை எய்திவிட்டீர்கள். "இங்கே இருந்து என்ன பயன், சேர்?" என்று நீங்கள் கேட்கும்போது அக்கேள்வியின் நியாயத்தை நாம் மறுப்பதில்லை. மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் முறையான வழியிற் செல்வதைத் தடுப்பாரும் இலர். 2022 டிசெம்பர் 12ஆம் நாள் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. போகும் விமானம் திரும்பியும் வருகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கடலில் உயிரைப் பணயம் வைக்கும் வழியை மட்டும் எவர் கூறினும் கேளாதீர்கள். போகிறவர்கள் கற்றதோடு திரும்பும் எண்ணத்துடன் போகவேண்டும். நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் நிற்பவர்களாக அன்றி, செய்யவேண்டியதை அறிந்து நிற்பவர்களாக இருக்கவேண்டும். அந்நிலையை உருவாக்குவது அரசுக்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உள்ள கூட்டுக்கடன்.

சுபகிருது நன்மை செய்ததா என்று எவரேனும் வினவின், அது தானாக ஒன்றும் செய்யவில்லை என்பதே எமது விடை. பெரியதொரு செலவுக்கு ஈடாகச் சில அறிவுகளை அது எம்மிடம் தந்து சென்றது. அவற்றைப் பேணி வைத்தோமாயின் அப்பெயர் பொய்யாகாது. சித்திரை பிறக்கும்தோறும் மருத்து நீர் வைத்து முழுகி, பெரியோரிடம் கைவிசேஷம் பெறும் எம் பிள்ளைகளின் கையில், அந்நாணயத்தோடு இந்தப் பட்டறிவும் சேர்ந்து விழுவதாக. இனிப் பிறக்கும் ஆண்டுகள் எப்பெயரோடு வரினும், உழைப்போர் இல்லங்களில் வரவு மிகுக. மழை காலத்திற் பொழிக. சென்ற பிள்ளைகள் நலத்தோடு வீடு திரும்புக.